லைப்ரரிதிங்: 2,340 புத்தகங்களுக்குச் சீட்டுக் கட்டிய ஒரு வருடம்

எங்கள் பட்டறைக்கு வரும் மோட்டார் எதுவும் சீட்டுக் கட்டாமல் உள்ளே போகாது. பாலக்கோடு பக்கம் போர்க்கிணறு ஆயிரம் அடி போவது சர்வ சாதாரணம். மோட்டார் எரிந்துவிட்டால் தக்காளித் தோட்டக்காரர் விடிவதற்குள் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். ஒரே நாளில் ஒரே கம்பெனி, ஒரே எச்.பி., ஒரே நிறத்தில் நான்கு மோட்டார் வந்து வரிசையாகக் கிடக்கும். எது யாருடையது என்று மனதில் வைத்துக்கொள்வது நடக்காத காரியம். தகரத்தில் எண் குத்தி, கம்பியில் கோத்து மோட்டாரின் கழுத்தில் கட்டுவோம். நோட்டில் பெயர், ஊர், என்ன கோளாறு, எந்த கேஜ் கம்பி, எத்தனை சுற்று எல்லாம் எழுதிய பிறகுதான் போல்ட்டில் கை வைப்போம். முப்பத்தொரு வருடமாக இதுதான் பழக்கம்.

வீட்டில் இருக்கும் புத்தகங்களுக்கு மட்டும் எந்தச் சீட்டும் இல்லாமல் இருந்தது. லைப்ரரிதிங் என்ற இணையப் பட்டியலில் அவற்றை ஏற்றிய கதைதான் இது. இரண்டு பீரோ, சுவரில் அடித்த ஆறு பலகை, கட்டிலுக்கு அடியில் நான்கு அட்டைப்பெட்டி, பரண். ஐ.டி.ஐ. படிக்கும்போது கிளை நூலகத்தில் ஒட்டிக்கொண்ட வாசிப்பு, சம்பாதிக்க ஆரம்பித்ததும் வாங்கும் பழக்கமாக மாறியது. எண்ணிப் பார்த்ததே இல்லை.

தருமபுரி புத்தகத் திருவிழாவில் நடுகற்களைப் பற்றிய ஒரு புத்தகத்தை ஆசையோடு வாங்கி வந்தேன். எங்கள் மாவட்டத்தில் காட்டு ஓரத்திலும் வயல் வரப்பிலும் நடுகல் நிற்கும். மாட்டு மந்தையைக் கவரும் சண்டையில் செத்த வீரனின் பெயரோடு வட்டெழுத்தில் வெட்டிய கற்களைத் தருமபுரி அருங்காட்சியகத்தில் பார்த்ததிலிருந்து அதைப் பற்றி எது கிடைத்தாலும் வாங்குவேன். பையைத் திறந்து பார்த்த என் மனைவி பீரோவிலிருந்து இரண்டு பிரதியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். “என்னங்க, இது மூணாவது.” அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. மறுபதிப்பு வராத ஒரு சிறுகதைத் தொகுப்பைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. யாருக்கோ படிக்கக் கொடுத்திருக்கிறேன். யாருக்கு என்று இன்றைக்கு வரை ஞாபகம் வரவில்லை. அந்த இரண்டாவது விஷயம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் சொன்னேன். “பட்டறை நோட்டு மாதிரியே இதுக்கும் ஒண்ணு போடுங்கப்பா, நெட்லயே இருக்கு” என்றாள். அவள் சொன்ன நாளில் நான் இறக்கியது வேறொரு செயலி. அதன் பெயர் இங்கே வேண்டாம். முந்நூற்றுச் சொச்சம் புத்தகம் ஏற்றிய பிறகு போன் மாற்றினேன். புதிய போனில் கணக்கைத் திறந்தால் பட்டியல் காலி. பதிவெல்லாம் பழைய போனுக்குள்ளேயே இருந்திருக்கிறது. வெளியே எடுக்க அதில் வழியும் இல்லை. மூன்று வாரத்து ராத்திரி வேலை போனது. அதன் பிறகுதான், எந்த மென்பொருளாக இருந்தாலும் பத்துப் புத்தகத்தை ஏற்றியதும் முதல் வேலையாக அந்தப் பத்தைக் கோப்பாக வெளியே இறக்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். இறக்க முடியாவிட்டால் பதினோராவதை ஏற்றக்கூடாது.

அந்தச் சோதனையில் தேறியதுதான் லைப்ரரிதிங். அமெரிக்காவில் மெயின் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரிலிருந்து நடக்கிறது. டிம் ஸ்பால்டிங் என்பவர் 2005 ஆகஸ்டில் தொடங்கியது. வெகுகாலம் 200 புத்தகம் வரைதான் இலவசம், அதற்கு மேல் கட்டணம். 2020 மார்ச்சில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். இப்போது எத்தனை ஆயிரம் வைத்திருந்தாலும் காசு கேட்பதில்லை. கணினியில் உலாவியிலும் திறக்கலாம், போனில் செயலியாகவும் வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டையும் பயன்படுத்துகிறேன். ஸ்கேன் செய்ய போன், தட்டச்சுக்குக் கணினி. என் பட்டியலை ஊரெல்லாம் பார்க்க வேண்டாம் என்று கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றி வைத்திருக்கிறேன். அதற்கும் வழி இருக்கிறது.

வேலை செய்கிற விதம் எளிமையானது. புத்தகத்தின் பார்கோடைப் போன் கேமராவில் காட்டினால் அதிலுள்ள ஐ.எஸ்.பி.என். எண்ணை, அதாவது புத்தகத்துக்கென்று தரும் அடையாள எண்ணைப் படிக்கும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு அமேசானிடமும், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திடமும், உலகம் முழுக்க உள்ள ஆயிரக்கணக்கான நூலகங்களில் நாம் தேர்ந்தெடுத்தவற்றிடமும் கேட்கும். யாராவது பதிவு வைத்திருந்தால் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம் எல்லாம் தானாக வந்து உட்காரும். ஆங்கிலப் புத்தகம் என்றால் இரண்டு நொடி. என்னிடம் இருக்கும் மின்பொறியியல் கையேடுகள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஏறிவிட்டன.

தமிழ்ப் புத்தகம் அப்படி இல்லை. பார்கோடே இல்லாத புத்தகங்கள்தான் தமிழ் வீடுகளில் அதிகம். ஐ.எஸ்.பி.என். முறை உலகத்தில் வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனால் தமிழ்ச் சிறு பதிப்பகங்கள் பலவும் அதை வாங்க ஆரம்பித்தது வெகு பின்னால்தான். இந்தியாவில் அந்த எண்ணுக்குக் காசுகூடக் கிடையாது, ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான அரசு முகமை இலவசமாகவே தருகிறது. 2006 வரை பத்து இலக்கம், 2007 ஜனவரியிலிருந்து பதின்மூன்று. இந்தியப் புத்தகமானால் 978-க்கு அடுத்து 81 அல்லது 93 இருக்கும். அந்த எண் நாட்டைத்தான் சொல்லும், மொழியைச் சொல்லாது. தமிழ், கன்னடம், இந்தி எல்லாம் ஒரே கணக்கில்தான் வரும். அதனால் எண்ணை வைத்து ‘இது தமிழ்ப் புத்தகம்’ என்று எந்த மென்பொருளும் தெரிந்துகொள்ள முடியாது. இன்னொன்றையும் கவனித்தேன். ஒரு பதிப்பகம், பெயர் சொல்லவில்லை, இரண்டு வெவ்வேறு நாவல்களுக்கு ஒரே எண்ணை அச்சிட்டிருக்கிறது. ஸ்கேன் செய்தால் இரண்டுக்கும் ஒரே தலைப்பு வரும். ஆகவே ‘பீப்’ சத்தம் கேட்டதும் அடுத்ததை எடுக்காதீர்கள். திரையைப் பாருங்கள், அட்டையைப் பாருங்கள், பிறகு அடுத்தது.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை ஏற்றியது மொத்தம் 2,340. பார்கோடு இருந்தவை 1,012. அதில் ஸ்கேன் செய்ததும் சரியான விவரம் வந்தவை 655. நூலகங்களில் தலைப்பையோ ஆசிரியரையோ கொடுத்துத் தேடிப் பிடித்தவை 208. மிச்சம் 1,477 புத்தகத்தையும் கையால் அடித்தேன். ராத்திரி எட்டு மணிக்குக் கடையை அடைத்துச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் இருபது புத்தகம் ஆகும்.

அந்த 208-ஐப் பிடித்தது ஒரு தனி வித்தை. தமிழ்ப் புத்தகம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இது உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். 1960-களில் அமெரிக்கா நமக்குக் கோதுமை அனுப்பியது. பி.எல். 480 கோதுமை என்று பெரியவர்கள் சொல்வார்கள், எங்கள் அப்பா ரேஷனில் வரிசையில் நின்று வாங்கியது. அந்தக் கோதுமைக்கு இந்தியா ரூபாயில் கட்டிய பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் அமெரிக்க நூலகங்களுக்கு இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அனுப்பினார்கள். அதனால்தான் இங்கே பழைய புத்தகக் கடையிலும் கிடைக்காத ஒரு தமிழ்ப் புத்தகத்தின் பதிவு வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவுகளைத் தேட ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். அதுவும் நாம் பேசுகிற ஒலிப்படி தட்டினால் வராது. எழுத்துக்கு எழுத்து மாற்றித் தட்ட வேண்டும்.

பட்டறைக்காரனுக்குப் புரிகிற மாதிரி ஒரு வாய்ப்பாடு போட்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். ப எங்கே வந்தாலும் ஆங்கிலத்தில் பம்புக்கு வரும் முதல் எழுத்து, பல்புக்கு வரும் முதல் எழுத்து கிடையாது. த-வும் ட-வும் வந்தால் டேங்குக்கு வரும் எழுத்து, டைனமோவுக்கு வருவது கிடையாது, பின்னால் எச் சேர்க்கவும் கூடாது. க என்றால் கிலோவாட்டுக்கு வருவது, கியருக்கு வருவது கிடையாது. ச என்றால் காயிலுக்கு வரும் முதல் எழுத்து, ஸ்டார்ட்டருக்கு வருவது கிடையாது. ழ-வுக்கு இசட், எச் எல்லாம் வேண்டாம், ல-வுக்குப் போடுவதையே போட வேண்டும். தமிழில் ஒற்று இரட்டித்தால் ஆங்கிலத்திலும் இரட்டிக்க வேண்டும். புதுமைப்பித்தன் என்பதை நாலு பத்திரிகையில் நாலு விதமாக ஆங்கிலத்தில் எழுதுவார்கள், அந்த நாலில் எதைக் கொடுத்தும் வரவில்லை. மேலே சொன்ன வாய்ப்பாட்டின்படி தட்டினேன், வரிசையாக வந்தன. எழுத்துக்கு மேலேயும் கீழேயும் போடும் கோடு, புள்ளிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தேடும்போது அவை இல்லாமலே கிடைக்கிறது.

கிடைத்த பதிவு ஆங்கில எழுத்தில் இருக்கும். அதை அப்படியே விட்டுவிடலாமா என்று முதல் வாரம் யோசித்தேன். விடக்கூடாது என்று முடிவு செய்தேன். என் புத்தகத்தின் முதுகில் தமிழ் இருக்கிறது, என் பட்டியலிலும் தமிழ் இருக்க வேண்டும். லைப்ரரிதிங்கில் எந்தப் பதிவையும் நம் பிரதியின் அளவில் திருத்திக்கொள்ளலாம். தலைப்பு, ஆசிரியர் இரண்டையும் தமிழில் மாற்றி அடித்தேன். யூனிகோடு, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் தனி எண் தரும் பொது முறை, அதில் உள்ள எழுத்து எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறது. என் மாமனார் ஓசூர் பக்கம், அவர் கொடுத்துவிட்டுப் போன கன்னடப் புத்தகங்கள் நாற்பத்திரண்டையும் என் மனைவி கன்னட எழுத்திலேயே அடித்திருக்கிறாள். மூன்று மொழியும் ஒரே பட்டியலில் சண்டையில்லாமல் நிற்கின்றன.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது, ஸ்கேன் செய்வது எல்லாம் சின்ன வேலை. பெயரை எப்படி எழுதுவது என்று முடிவு செய்வதுதான் பெரிய வேலை என்பது ஐந்நூறாவது புத்தகத்தில்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் செய்த தப்பைத் திருத்த எட்டு நாள் ஆனது. எங்கள் மாவட்டத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அட்டையில் தர்மபுரி, இன்னொன்றில் தருமபுரி. அட்டையில் இருப்பதை இருக்கிறபடி அடித்தேன். பிறகு ‘தருமபுரி’ என்று தேடினால் பாதிப் புத்தகம் வரவில்லை. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு ஊர். மாரண்டஹள்ளிக்கும் மாரண்டஅள்ளிக்கும் அதே கதிதான். ஸ்ரீ என்ற எழுத்து இன்னும் மோசம். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், ஆனால் யூனிகோடில் அதை இரண்டு விதமாக உருவாக்கலாம். ஸ-வில் தொடங்கி ஒன்று, 2005-இல் சேர்த்த ஶ-வில் தொடங்கி இன்னொன்று. போன் கீபோர்டு ஒன்றைப் போட்டது, கணினிக் கீபோர்டு மற்றதைப் போட்டது. கண் முன்னால் இருக்கும் புத்தகம் தேடலில் வராமல் ஒரு ராத்திரி முழுக்கத் தவித்தேன்.

ஆசிரியர் பெயர் அதைவிடப் பெரிய பாடு. நூலக உலகத்தின் வழக்கம் குடும்பப் பெயர், காற்புள்ளி, பிறகு சொந்தப் பெயர். லைப்ரரிதிங்கும் அந்த வரிசையில்தான் கேட்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? உ.வே.சாமிநாதையர் என்றால் உ என்பது உத்தமதானபுரம் என்கிற ஊர், வே என்பது அப்பா. சொந்தப் பெயர் கடைசியில்தான் இருக்கிறது. ஆகவே ‘சாமிநாதையர், உ.வே.’ என்று போட்டால் அகர வரிசையில் ‘சா’வில் சரியாக வந்து நிற்கும். ஆனால் அட்டைகளில் உ.வே.சாமிநாதையர், சாமிநாத ஐயர், உ.வே.சா. என்று ஒரே மனிதருக்கு மூன்று உருவம். மூன்றையும் இருக்கிறபடி அடித்தால் மூன்று ஆசிரியர் ஆகிவிடுவார். ஒருவரை ஒரே எழுத்தில்தான் எழுதுவேன் என்று ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டேன். இடது பக்கம் அட்டையில் கண்டது, வலது பக்கம் நான் எழுத முடிவு செய்தது. புனைபெயர் என்றால் உடைக்காமல் முழுசாக. புதுமைப்பித்தனைப் ‘பித்தன், புதுமை’ ஆக்கக்கூடாது. கல்கியைக் கல்கி என்றே போட வேண்டும், கிருஷ்ணமூர்த்தி, ரா. என்று போட்டால் வீட்டில் யாருக்கும் கண்டுபிடிக்க வராது. நூலகத் துறையில் இந்த வேலைக்குத் தனிப் படிப்பே இருக்கிறது என்று எங்கள் நூலகர் சொன்னார். அந்த நோட்டு இல்லாமல் யாரும் தொடங்க வேண்டாம் என்பதுதான் இதை எழுதுவதற்கே காரணம்.

லைப்ரரிதிங்கில் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் ஒரு வசதியும் இருக்கிறது. ஒரே ஆசிரியரின் வெவ்வேறு எழுத்துருவங்களையும், ஒரே நூலின் வெவ்வேறு பதிப்புகளையும் மொழிபெயர்ப்புகளையும் உறுப்பினர்களே ஒன்றாக இணைக்கலாம். அந்த இணைப்பு எல்லோருக்கும் பொது, ஆகவே நிதானமாகச் செய்ய வேண்டும். இதில் நம் மரபுக்கென்று ஒரு சிக்கல் வரும். என்னிடம் திருக்குறள் ஏழு பிரதி இருக்கிறது. பரிமேலழகர் உரை ஒன்று, மிச்சம் ஆறும் வேறு வேறு உரைகள். மென்பொருளின் கணக்கில் குறள் என்பது ஒரே படைப்பு. படிக்கிறவனுக்கு ஏழும் ஏழு புத்தகம். நான் உரையாசிரியர் பெயரைத் தலைப்போடு சேர்த்து எழுதி, இரண்டாவது ஆசிரியராகவும் போட்டுவிட்டேன். அதற்கு இடம் இருக்கிறது.

ஆண்டு போடும் வேலையை நான் மிகவும் ரசித்தேன். சில புத்தகங்களில் திருவள்ளுவர் ஆண்டு மட்டும் இருக்கும், அதில் 31-ஐக் கழித்தால் ஆங்கில ஆண்டு. பழையவற்றில் தமிழ் வருடப் பெயர் மட்டும். ஒரு பாட்டுப் புத்தகத்தில் ‘கர வருஷம் ஐப்பசி’ என்று போட்டிருந்தது. கர என்பது அறுபதில் இருபத்தைந்தாவது. 1951-லும் வரும், அறுபது வருடம் தள்ளி 2011-லும் வரும், அதற்கு முன்னால் 1891-லும் வரும். தாளைப் பார்த்தால் 2011 இல்லை என்பது தெரியும். ஆனால் 1891-ஆ 1951-ஆ? பின்னட்டையில் விலை ரூ. 1-8-0 என்று அணாக் கணக்கில் இருந்தது. நயாபைசா வந்தது 1957 ஏப்ரலில், எனவே அதற்கு முந்தியது என்பது உறுதி, ஆனால் இரண்டில் எது என்பது முடிவாகவில்லை. முன்னுரையில் ‘சுதந்திர இந்தியாவில்’ என்று ஒரு வரி. 1951 என்று அடித்தேன். எரிந்த காயிலைப் பிரித்து எத்தனை சுற்று என்று எண்ணிக் கண்டுபிடித்த மாதிரி ஒரு நிறைவு.

எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்பதை டேக், அதாவது அடையாளச் சொல் போட்டுத்தான் குறித்திருக்கிறேன். ‘பச்சை பீரோ 3’ என்றால் பச்சை பீரோவில் மூன்றாவது தட்டு. ‘கட்டில் 2’, ‘பரண்’. அதோடு பொருளுக்கு ஒரு டேக். அரசு நூலகத்தில் தமிழ் இலக்கியப் புத்தகங்களின் முதுகில் 894.811 என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது பொருள்வாரியாக எண் போடும் டியூயி முறை. லைப்ரரிதிங்கும் பல புத்தகங்களுக்கு அந்த எண்ணைக் காட்டும். என் வீட்டுக்கு அது ஒத்துவரவில்லை. முக்கால்வாசி ஒரே எண்ணுக்குள் அடங்கிவிட்டால் எண் எதற்கு? சிறுகதை, நாவல், கவிதை, நடுகல், விவசாயம், மின்சாரம், வாழ்க்கை வரலாறு என்று பதினாறு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். இங்கேயும் ஒருமையா பன்மையா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ‘சிறுகதை’ என்று ஒன்று, ‘சிறுகதைகள்’ என்று ஒன்று இருந்தால் இரண்டு கூடை ஆகிவிடும். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கென்று 1931-இல் சொன்ன ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. முன்பு ஒரு புத்தகத்தைத் தேட ஞாயிற்றுக்கிழமை பாதி போகும். இப்போது டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நேராகப் பரணுக்கே ஏறுகிறேன்.

இரவல் கொடுத்ததைக் குறிக்கத் தனி இடம் இருக்கிறது. யாரிடம், எந்தத் தேதியில் என்று போடலாம், திரும்பி வந்ததும் மாற்றலாம். எனக்கு இந்த ஒரு வசதிக்காகவே இந்த ஒரு வருட உழைப்பு தகும். இப்போது யார் கேட்டாலும் தயங்காமல் கொடுக்கிறேன். முன்பு போய்விடுமோ என்ற பயத்தில் நல்ல புத்தகத்தை ஒளித்து வைத்த நாட்கள் உண்டு. பக்கத்துத் தெரு டீச்சர் போன மாதம் ஒரு நாவலை வாங்கிக்கொண்டு போகும்போது நான் போனில் பதிவதைப் பார்த்தார். “அண்ணா, பள்ளிக்கூட லைப்ரரியில கூட இப்படி உடனே எழுதறதில்லைங்க” என்றார். பெயரை எழுதுவதற்கு முன்னால் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

இன்னொரு கட்டம் உண்டு, நமக்கு மட்டும் தெரிகிற தனிக்குறிப்பு. பழைய புத்தகக் கடையில் வாங்கியவற்றின் முதல் பக்கத்தில் யாராவது எதையாவது எழுதியிருப்பார்கள். ‘அன்புத் தங்கைக்குத் திருமண நாளில்’ என்று ஒன்று. பள்ளிப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு என்று ஒன்று. அதையெல்லாம் எழுத்து மாறாமல் அங்கே அடித்து வைத்திருக்கிறேன். எந்த ஊரில், என்ன விலைக்கு வாங்கினேன் என்பதும் அங்கேதான். கரையான் அரித்தது, இராமபாணப் பூச்சி துளைத்தது, பக்கம் உதிர்கிறது என்பதையும் குறிக்கிறேன், எதை முதலில் பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும் என்று தெரியும். புத்தகத்தைக் கையில் எடுத்துத் தூசி தட்டி ஒரு வசம்புத் துண்டு வைக்கவும் இதுதான் சந்தர்ப்பம்.

மற்றவற்றையும் பார்த்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 2007-இல் வந்த குட்ரீட்ஸ், 2013 முதல் அமேசானுடையது, படித்ததை நண்பர்களோடு பகிர நல்லது. எந்தத் தட்டில் இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்ற கணக்குக்கு அது ஏற்பட்டதல்ல. ஓபன் லைப்ரரி என்பது எல்லோருக்கும் பொதுவான இணையப் புத்தகப் பட்டியல், அதில் இல்லாத தமிழ்ப் புத்தகத்தை நாமே சேர்க்கலாம், அது உலகத்துக்குப் பயன்படும், ஓய்வு கிடைக்கும்போது நானும் சேர்க்கிறேன். கோஹா கல்லூரி நூலகத்துக்கான மென்பொருள், வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். நூறு நூற்றைம்பது புத்தகம் வைத்திருப்பவருக்கு எக்ஸெல் தாளே போதும். படிப்பகம் நடத்துகிறவர்களுக்கு லைப்ரரிதிங்காரர்களே டைனிகேட் என்று சிறு நூலகத்துக்கான மென்பொருள் ஒன்று வைத்திருக்கிறார்கள், 20,000 பொருள் வரை தாங்கும், நிறுவனமாகப் பயன்படுத்தினால் கட்டணம் உண்டு. எங்கள் ஊர் இளைஞர்கள் படிப்பகம் ஒன்று ஆரம்பிக்கப் பேசுகிறார்கள், அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

லைப்ரரிதிங்கின் திரையில் கட்டங்கள் நிறைய, நான் பயன்படுத்தும் ஆங்கிலப் பக்கத்தில் முதல் நாள் எல்லாமே சிக்கலாகத்தான் தெரியும். ஏழெட்டுக் கட்டம் போதும், மிச்சத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். ஆங்கிலம் வராதவர்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இரண்டு நாள் பழகினால் பிடிபட்டுவிடும். இணையம் இல்லாமல் பதிவு ஏற்ற முடியாது என்பதை மனதில் வையுங்கள். எங்கள் பக்கம் மழை பெய்தால் இணைப்பு போய்விடும், அன்றைக்கு நான் நோட்டில் எழுதி வைத்து மறுநாள் ஏற்றுவேன். அமேசானிலிருந்து வரும் தமிழ்ப் பதிவுகளில் தலைப்போடு தள்ளுபடி, பதிப்பு, ஆசிரியர் பெயர் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரலாம், சேமிக்கும் முன் வெட்டிவிடுங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை முழுப் பட்டியலையும் கோப்பாக இறக்குகிறேன். லிப்ரெ ஆபீஸில் திறந்தால் தமிழும் கன்னடமும் சரியாகத் தெரிகின்றன. ஒரு பென் டிரைவில் ஒன்று, மகளின் மின்னஞ்சலுக்கு ஒன்று. வருடத்துக்கு ஒரு முறை அச்செடுத்து, பட்டறை நோட்டுகளோடு இரும்புப் பெட்டியில் வைக்கப் போகிறேன்.

காணாமல் போன அந்தச் சிறுகதைத் தொகுப்பைப் பட்டியலில் ஏற்றியிருக்கிறேன். தலைப்பு, ஆசிரியர், நினைவில் இருக்கும் அட்டை நிறம், இரவல் வாங்கியவர் இடத்தில் ஒரு கேள்விக்குறி. பரணில் இன்னும் மூன்று பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. ஆடி மாதம் பட்டறையில் வேலை கொஞ்சம் குறையும், அப்போது இறக்குவதாக மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.